தேனீயும் களஞ்சியமும்

வட்டியின் வரலாறு குறித்து முதுகலை மாணவர்களுக்குச் சில வகுப்புகள் எடுப்பதற்காகக் குறிப்புகள் சேகரித்துக் கொண்டிருந்தபோதுதான் பசிலியார் எனக்கு அறிமுகமானார். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்த ஆயரை ஆங்கில நூல்கள் பேசில் என்றும், தமிழ்க் கிறிஸ்தவர்கள் பெரிய பசிலியார் என்றும் குறிப்பிடுவர். நான் கிறிஸ்தவன் அல்லன். பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன். தானிய மண்டி நடத்திய ஒருவரின் மகன். ஆயினும், ஒரு குறிப்புக்காகத் திறந்த அவருடைய பேருரைகளை மூட முடியாமல் போனதற்கு இவ்விரண்டு அடையாளங்களும்தான் காரணம்.

பசிலியாரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள, முதல் மூன்று நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் எதிர்கொண்ட சிக்கலை நினைவில் கொள்ள வேண்டும். ரோமப் பேரரசின் நகரங்களில் அவர்கள் சிறுபான்மையினர். அந்த நகரங்களின் பொதுவாழ்வு முழுவதும் தெய்வ வழிபாட்டோடு பின்னிப் பிணைந்திருந்தது. திருவிழா, நாடகம், நீதிமன்ற உறுதிமொழி, படைவீரனின் சூளுரை என எதிலும் பழைய தெய்வங்கள் இருந்தன. கடையில் விற்ற இறைச்சிகூடப் பல நேரங்களில் பலிபீடத்திலிருந்து வந்தது. பள்ளிக்குச் செல்லும் சிறுவன் எழுத்துக் கூட்டிப் படித்ததே அத்தெய்வங்களின் கதைகளைத்தான். அண்டை வீட்டாரோடு எதில் கலப்பது, எதில் விலகுவது என்பது அவர்களுக்கு அன்றாடக் கேள்வி.

இதற்கு இருவகையான விடைகள் இருந்தன. கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், கிரேக்கத் தத்துவத்துக்கும் தம் சமயத்துக்கும் ஒட்டோ உறவோ இல்லை என வாதிட்டார். அவருக்கு முன்பே வாழ்ந்த ஜஸ்டினோ, கிறிஸ்தவராகிய பிறகும் தத்துவ ஆசிரியருக்குரிய மேலாடையைக் களையவில்லை. அலெக்சாந்திரியாவின் கிளமெண்ட், கிரேக்க அறிவைத் தம் சமயத்துக்கு முன்தயாரிப்பாகவே கண்டார். விலகுவதா, தழுவுவதா என்ற இந்த வழக்கு தீராமல் இருந்த நிலையில்தான் பசிலியார் பிறந்தார்.

அவர் பிறந்தது ஏறத்தாழ 330-ஆம் ஆண்டு. இன்றைய துருக்கியின் நடுவே கைசேரி என்ற பெயரில் விளங்கும் செசரியா நகரில். அது அன்று கப்பதோக்கியா மாநிலத்தின் தலைநகர். அவருடைய குடும்பத்துக்குள்ளேயே அந்த வழக்கின் இரு தரப்பும் இருந்தன. தாயின் தந்தை சமயத்துக்காக உயிரிழந்தவர். தந்தையின் பெற்றோர், பேரரசின் அடக்குமுறைக்கு அஞ்சிப் போந்து மலைக்காடுகளில் ஏறத்தாழ ஏழாண்டுகள் மறைந்து வாழ்ந்தவர்கள். அவர்களுடைய மகனான பசிலியாரின் தந்தையோ, நாவன்மைக் கலை கற்பிக்கும் ஆசிரியர். தம் பெற்றோரைக் காட்டுக்குத் துரத்திய அதே பண்பாட்டின் இலக்கியத்தைக் கற்பித்துத்தான் அவர் பிழைத்தார். பாட்டியின் மடியில் காட்டுக் கதையையும், தந்தையின் வகுப்பில் ஹோமரையும் கேட்டு வளர்ந்தவர் பசிலியார்.

செசரியாவிலும் கான்ஸ்டாண்டிநோபிளிலும் பயின்ற பின், ஏறத்தாழ 350-ஆம் ஆண்டு வாக்கில் அவர் ஏதென்ஸ் சென்றார். அங்கே நசியான்ஸ் கிரகோரியாருடன் வாழ்நாள் நட்பு உண்டாயிற்று. அந்நகரில் தங்கள் இருவருக்கும் தெரிந்த பாதைகள் இரண்டே. ஒன்று ஆலயத்துக்கும் மற்றொன்று ஆசிரியர்களின் இல்லத்துக்கும் சென்றது எனக் கிரகோரியார் பிற்காலத்தில் எழுதினார். அதே நகரில் 355-ஆம் ஆண்டில் மற்றோர் இளைஞரும் பயின்றார். பேரரசர் கான்ஸ்டன்டைனின் தம்பி மகனான ஜூலியன் அவர். கிறிஸ்தவராக வளர்க்கப்பட்டு, உள்ளத்தால் பழைய தெய்வங்களிடம் திரும்பிவிட்டவர். அவர் பேரரசராவார் என அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பிய பசிலியார் சிறிது காலம் நாவன்மை கற்பித்தார். கல்விச் செருக்கு தலைக்கேறியிருந்தது. ஊரின் பெரிய மனிதர்களையும் மதியாத அந்த இளைஞரை நேர்வழிக்குக் கொணர்ந்தவர் அவருடைய தமக்கை மக்ரீனா என்று தம்பி நீசா கிரகோரியார் பதிவு செய்துள்ளார். இன்னொரு தம்பி நவுக்ராத்தியு, ஐரிஸ் ஆற்றங்கரைக் காட்டில் தங்கி, வேட்டையாடி, ஆதரவற்ற முதியோருக்கு உணவளித்து வந்தவர். அப்பணியின்போதே விபத்தில் மாண்டார். இவையெல்லாம் பசிலியாரை உலுக்கியிருக்க வேண்டும். அவர் திருமுழுக்குப் பெற்று, எகிப்து, பாலஸ்தீனம், சிரியா, மெசபொத்தேமியா ஆகிய நாடுகளின் துறவிகளைத் தேடிச் சென்று கண்டார். பின்னர், அதே ஐரிஸ் ஆற்றங்கரையில் துறவு வாழ்வைத் தொடங்கினார்.

ஆனால், பாலைவனத்துத் தனிமையை அவர் அப்படியே பின்பற்றவில்லை. தனித்திருப்பவன் யாருடைய கால்களைக் கழுவுவான் என்பது அவர் எழுப்பிய கேள்வி. துறவியர் கூடி வாழ வேண்டும். கைத்தொழில் செய்ய வேண்டும். அதன் பயன் இல்லாதவர்க்குச் சேர வேண்டும் என அவர் வகுத்தார். உலகைத் துறப்பது என்பது ஊரைத் துறப்பதாக அவருக்குப் படவில்லை.

361-இல் ஜூலியன் பேரரசரானார். அடுத்த ஆண்டே கல்வி குறித்து அவர் பிறப்பித்த ஆணைகள் கிறிஸ்தவ ஆசிரியர்களைப் பள்ளிகளிலிருந்து வெளியேற்றின. ஹோமரின் தெய்வங்களை நம்பாதவன் ஹோமரைக் கற்பிப்பது நேர்மையன்று என்பது அவருடைய வாதம். ஏதென்ஸில் புகழ்பெற்ற கிறிஸ்தவப் பேராசிரியரான புரோஹைரேசியு தம் பதவியை விட்டு விலகினார். ஒரு நூல் அதன் தெய்வத்தை வணங்குவோருக்கு மட்டுமே சொந்தமா என்ற கேள்வியை ஒரு பேரரசரே எழுப்பிவிட்டார். எதிர்த்தரப்பும் தூய்மையாக இல்லை. செசரியாவில் எஞ்சியிருந்த நற்பேற்றுத் தேவியின் கோயிலைக் கிறிஸ்தவர்கள் இடித்துத் தள்ளினர். சினந்த ஜூலியன் அவ்வூரின் நகரத் தகுதியையே பறித்தார். ஒரு பக்கம் வகுப்பறைக் கதவு மூடப்பட்டது. மறுபக்கம் கோயில் இடிக்கப்பட்டது. 363-இல் பாரசீகப் போரில் ஜூலியன் மாண்டதால் அந்த மோதல் தணிந்ததேயன்றி, கேள்வி தீரவில்லை.

அக்கேள்விக்குப் பசிலியார் அளித்த விடை ஒரு சிறிய நூலாக நமக்குக் கிடைத்துள்ளது. கிரேக்க இலக்கியத்திலிருந்து பயன் பெறுவது எப்படி என்று இளைஞர்களுக்கு அவர் ஆற்றிய உரை அது. தேனீயை அவர் உவமையாக்குகிறார். அது எல்லா மலர்களையும் நாடுவதில்லை. நாடிய மலரிலும் எல்லாவற்றையும் எடுத்துச் செல்வதில்லை. தனக்கு வேண்டியதைக் கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. ரோஜாவைப் பறிப்பவன் முள்ளை விலக்கிக் கொள்வதைப்போல, கற்பவன் தீயதை விலக்க வேண்டும் என்கிறார். தம்மை நாள்முழுதும் வசைபாடியவனை இருட்டிய பின் விளக்கோடு வீட்டில் கொண்டுவிடச் செய்த பெரிக்கிளீஸின் பொறுமையை எடுத்துக்காட்டுகிறார். ஹோமர், ஹெசியோட், பிளேட்டோ எனப் பிற சமயத்தவரின் பெயர்கள் மதிப்போடு வந்து போகின்றன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் இத்தாலியில் மறுமலர்ச்சிக் காலம் தொடங்கியபோது, லியோனார்டோ புரூனி இந்நூலை லத்தீனில் பெயர்த்தார். பழைய இலக்கியங்களைக் கற்க விரும்பியோருக்கு அது ஒரு கேடயமாயிற்று.

இதுவரை படித்தபோது, பரந்த மனம் கொண்ட ஒரு கல்விமானின் வாழ்க்கை என்றே நான் எண்ணினேன். அவருடைய பஞ்சகால உரைகளைப் படித்த பிறகே, அந்தத் தேனீக்கு ஒரு கொடுக்கும் உண்டு எனத் தெரிந்தது.

368, 369-ஆம் ஆண்டுகளில் கப்பதோக்கியாவில் வறட்சி நிலவியது. மழையும் பனியும் பொய்த்தன, வயல்கள் வெடித்தன. அப்போது பசிலியார் செசரியாவில் குருவாக இருந்தார். இந்தப் பஞ்சத்தைப் பற்றி எழுதும்போது கிரகோரியார் சொல்லும் ஒரு செய்தி, பொருளாதாரம் படித்த என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. கடற்கரை நகரங்கள் பஞ்சத்தை எளிதில் தாங்கும். உள்ளதை விற்று இல்லாததைக் கடல்வழியே பெற்றுக் கொள்ளும். உள்நாட்டு நகரங்களுக்கு அந்த வழியில்லை. அங்கே மிகுதியை விற்கவும் முடியாது, பற்றாக்குறையை வாங்கித் தீர்க்கவும் முடியாது என்கிறார் அவர். போக்குவரத்துச் செலவைப் பற்றி இதைவிடத் தெளிவாக நான் வகுப்பில் விளக்கியதில்லை.

நகரில் தானியம் இல்லாமலில்லை. பூட்டிய களஞ்சியங்களில் இருந்தது. உடையவர்கள் விலை மேலும் ஏறக் காத்திருந்தனர். பசிலியார் அவர்களை நோக்கிப் பேசினார். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய செல்வனைப் பற்றிய விவிலியக் கதையை எடுத்துக்கொண்டு, ஏழைகளின் வயிறே உங்கள் களஞ்சியம் எனும் கருத்தை முன்வைத்தார். பயன்படுத்தாமல் பெட்டியில் கிடக்கும் ஆடை ஆடையற்றவனுக்கும், மட்கும் செருப்பு வெறுங்காலனுக்கும் உரியது என்றார். பிறர் உடையைப் பறிப்பவனைத் திருடன் என்போமானால், கொடுக்க முடிந்தும் கொடாதவனை வேறென்ன பெயரால் அழைப்பது எனக் கேட்டார். பசியைத் தீர்க்கத் தன் பிள்ளைகளில் ஒருவனை விற்க வேண்டிய தந்தை, எவனை விற்பது எனத் தடுமாறும் காட்சியை அவர் விவரித்தார். விற்பவன் கண்ணீர் வடிக்க, வாங்குபவன் பேரம் பேசிக்கொண்டிருக்கும் அந்தக் காட்சியை நான் இருமுறை படிக்கத் துணியவில்லை.

களஞ்சியங்கள் திறந்தன. பசியால் துவண்டவர்களை ஓரிடத்தில் திரட்டி, பயறும் உப்பிட்ட இறைச்சியும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சியை அண்டாக்களில் வைத்து, இடுப்பில் துணி கட்டிக்கொண்டு பசிலியாரே பரிமாறினார். தம் சொத்தையும் அதற்காக விற்றார். யூதர்களின் பிள்ளைகளும் அந்தப் பந்தியில் சமமாக உண்டதை அவருடைய தம்பி குறிப்பிடுகிறார்.

இங்கே என் கதையையும் சொல்லியாக வேண்டும். 1966-இல் எனக்கு ஒன்பது வயது. அரிசி கிடைக்காமல் ஊர்கள் தவித்த காலம். எங்கள் மண்டிக்கு ஒரு பெண் பித்தளைக் குடத்தோடு வந்தார். குடத்தை வைத்துக்கொண்டு அரிசி கொடுக்கும்படி கேட்டார். இருப்பு இல்லை என்று என் தந்தை சொன்னார். பின்கட்டில் மூட்டைகள் மோட்டைத் தொட அடுக்கியிருந்ததை நான் அறிவேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் தந்தை கொடியவர் அல்லர். கோயில் திருவிழாவில் அன்னதானம் செய்தவர். என்னைக் கடன்படாமல் படிக்க வைத்தவர். அந்த மூட்டைகளில் கிடைத்த இலாபத்தின் ஒரு பகுதிதான் என் கல்விக் கட்டணமாகவும் ஆனது.

பின்னாளில் நான் கற்ற பொருளாதாரம் என் தந்தைக்கு ஒரு வழக்கறிஞரைத் தந்தது. அறுவடைக் காலத்தில் வாங்கி, தட்டுப்பாட்டுக் காலத்தில் விற்கும் வணிகர் விலையைச் சமன் செய்கிறார். அவர் இல்லாவிட்டால் பஞ்சம் இன்னும் கடுமையாகும் என்பது பாடம். அது பொய்யன்று. பல சந்தைகளில், பல ஆண்டுகளில் அதுவே உண்மை. ஆண்டுதோறும் அதை ஓர் ஊக்கத்தோடு கற்பித்தேன். அந்த ஊக்கத்தின் ஊற்று பித்தளைக் குடம்தான் என்பதைப் பசிலியாரைப் படித்த பிறகே உணர்ந்தேன்.

அந்தப் பாடம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. வெளியிலிருந்து தானியம் வர வழி இருக்க வேண்டும். வாங்குபவர் கையில் காசும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத ஊரில் பூட்டிய களஞ்சியம் விலையைச் சமன் செய்வதில்லை. உயிருக்கு விலை வைக்கிறது. உணவு இருந்தும் அதைப் பெறும் உரிமை இல்லாததால் மக்கள் மடிவதை அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட தமது நூலில் நிறுவினார். செசரியாவின் குரு அதே ஊருக்குள் நின்று, அதே களஞ்சியத்தைச் சுட்டிக்காட்டியவர்.

கடனுக்கு வட்டி வாங்குவதையும் அவர் விட்டுவைக்கவில்லை. 325-இல் கூடிய நிசேயா பொதுச்சங்கம், மாதம் நூற்றுக்கு ஒன்று, அதாவது ஆண்டுக்கு 12 விழுக்காடு எனும் வழக்கத்தைச் சுட்டி, குருக்கள் வட்டி வாங்குவதைத் தடை செய்திருந்தது. பசிலியார் பொதுமக்களையே நோக்கிப் பேசினார். கிரேக்கத்தில் வட்டியையும் ஈன்ற குட்டியையும் ஒரே சொல்லால் குறிப்பர். அச்சொல்லைப் பற்றிக்கொண்டு, மற்ற உயிர்கள் வளர்ந்த பின்னரே ஈனும். கடனோ பிறந்த அன்றே ஈனத் தொடங்குகிறது என்று இடித்துரைத்தார். கடன் வாங்குவோரையும் எச்சரித்தார்: கையும் தொழிலும் இருக்கும்போது கடன்காரனின் வாசலுக்குச் செல்ல வேண்டாம் என்பது அவருடைய அறிவுரை. தவணை நாள் நெருங்க நெருங்கத் தூக்கம் இழப்பவனைப் பற்றிய அவருடைய சித்திரத்தை நம் கிராமங்களில் எவரும் அடையாளம் காண்பர்.

370-இல் பசிலியார் செசரியாவின் ஆயரானார். அன்றைய பேரரசர் வேலன்ஸ் கிறிஸ்தவரே. ஆனால், ஆரியு என்ற குருவின் வழிவந்த மாற்றுக் கோட்பாட்டினரை ஆதரித்தவர். ஆயரைப் பணிய வைக்க அதிகாரி மொடெஸ்டஸ் வந்தார். சொத்துப் பறிமுதல், நாடுகடத்தல், சித்திரவதை, மரணம் என அச்சுறுத்தினார். பறிக்கத் தம்மிடம் சில நூல்களும் கந்தல் ஆடைகளுமே உள்ளன எனப் பசிலியார் அமைதியாக விடையளித்தார். 372-இல் பேரரசரே செசரியா ஆலயத்துக்கு வந்து, அந்த வழிபாட்டின் ஒழுங்கைக் கண்டு தடுமாறிப் போனார். ஆயரை அவர் நாடு கடத்தவில்லை. ஏழைகளின் பராமரிப்புக்காக நிலங்களும் வழங்கினார் என்று வரலாற்றாசிரியர் தியோடரெட் எழுதியுள்ளார்.

நகருக்கு வெளியே பசிலியார் அமைத்த இல்லங்களின் தொகுதி, மக்களால் பசிலியாஸ் என அழைக்கப்பட்டது. வழிப்போக்கர் தங்கும் விடுதி, நோயாளிகளுக்கான இல்லம், மருத்துவர், பணிவிடையாளர், தொழிற்கூடங்கள் ஆகியவை அங்கே இருந்தன. ஊர் ஒதுக்கிய தொழுநோயாளரை அவர் தழுவி வரவேற்றார். கிரகோரியார் அதை ஒரு புதிய நகரம் என்றே வருணித்தார். இது அதிகார வரம்பை மீறிய செயல் எனக் குற்றம் சாட்டியோருக்கு எதிராக, ஆளுநர் எலியாவுக்கு அவர் எழுதிய விளக்கக் கடிதம் இன்றும் உள்ளது. எஞ்சியுள்ள அவருடைய முந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்களில் ஒன்று, தௌரஸ் மலையில் இரும்பு எடுப்போரின் வரிச்சுமையைக் குறைக்குமாறு மொடெஸ்டஸிடம் வேண்டுகிறது. தம்மை அச்சுறுத்திய அதிகாரியிடமே பிறருக்காகக் கோரிக்கை வைக்க அவர் தயங்கவில்லை.

அவர் குறையற்றவர் அல்லர். சபைப் போட்டியில் தம் கை ஓங்குவதற்காக, நண்பர் கிரகோரியாரைச் சாசிமா என்ற புழுதி படிந்த வழித்தங்கல் ஊருக்கு ஆயராக்கினார். அந்த நட்பில் விழுந்த கீறல் முற்றிலும் ஆறவில்லை. அடிமை முறையையும் அவர் வேரோடு எதிர்க்கவில்லை. அறிவில் குறைந்தவனுக்கு அது நன்மையாகவும் அமையலாம் என்று வாதிட்டார். அதைக் கடுமையாகக் கண்டித்த பெருமை அவருடைய தம்பி நீசா கிரகோரியாரையே சாரும். தேனீயும் சில நேரங்களில் நஞ்சைத் தேனென்று கொண்டுவிடுகிறது.

379-ஆம் ஆண்டு தொடக்கத்தில், ஐம்பது வயதைத் தொடும் முன்பே பசிலியார் இறந்தார். இறுதி ஊர்வலத்தின் நெரிசலில் சிலர் உயிரிழக்கும் அளவுக்கு மக்கள் திரண்டனர். கிறிஸ்தவர்களோடு யூதர்களும் பழைய தெய்வங்களை வணங்கியோரும் அழுதனர் என்று கிரகோரியார் பதிவு செய்கிறார். அடுத்த ஆண்டே பேரரசர் தியோடோசியு கிறிஸ்தவத்தைப் பேரரசின் சமயமாக்கும் ஆணையைப் பிறப்பித்தார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் பழைய பலிகளும் சட்டத்தால் தடுக்கப்பட்டன. காட்டில் ஒளிந்தவர்களின் வழித்தோன்றல்கள் பிறரை ஒளிய வைக்கும் நிலைக்கு வந்தனர். தழுவுவதா, விலகுவதா என்ற கேள்வி அதன்பின் மற்றவர்களின் கேள்வியாயிற்று.

பசிலியாரின் வாழ்க்கையில் நான் கண்டுகொண்டது இதுதான். பிற சமயத்தவரின் நூல்களோடு நாம் சண்டையிடுகிறோம். அவர்களுடைய வட்டி விகிதத்தோடும் பதுக்கலோடும் எந்தச் சச்சரவும் இல்லாமல் உடன்படுகிறோம். வழிபாட்டில் வேறுபடும் இரு வணிகர்கள் விலையேற்றத்தில் ஒன்றுபடுவதை நாம் விந்தையாகக்கூடக் கருதுவதில்லை. பசிலியார் இதைத் தலைகீழாகச் செய்தார். அண்டை வீட்டாரின் ஹோமரை ஏற்றார். தம் சபையினரே பூட்டி வைத்திருந்த களஞ்சியத்தோடு மோதினார். ஒரு சமூகத்தின் பண்பாடு அதன் ஏடுகளில் மட்டுமன்று, அதன் எடைக்கற்களிலும் இருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

என் தந்தை மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை. அந்த இலாபத்தில் படித்த எனக்கு அத்தகுதியும் இல்லை. பணிக்காலத்தின் கடைசி மூன்று ஆண்டுகளில் நான் செய்தது ஒன்றே. விலைச் சமன்பாட்டைக் கரும்பலகையில் வரைந்து முடித்ததும், உள்நாட்டு நகரம் ஒன்றில் மழை பொய்த்த ஓர் ஆண்டைப் பற்றியும், பித்தளைக் குடத்தோடு வந்த ஒரு பெண்ணைப் பற்றியும் மாணவர்களிடம் சொன்னேன். அந்த மண்டி யாருடையது என்பதையும் மறைக்கவில்லை.